மூடாத விளிம்பு

விழுப்புரம்,
14.2.1985

அன்புள்ள அக்காவுக்கு அம்சா எழுதிக்கொள்வது.

இங்கே நான், அவர், அத்தை மூவரும் சுகமாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய்? மாமாவுக்கு மூட்டுவலி குறைந்ததா? என் கயல்விழி எப்படி இருக்கிறாள்? அவளைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். முதலில் கேட்டால் அடுத்த வரி எழுதக் கை வராது என்று கடைசியில் கேட்கிறேன்.

பொங்கலுக்கு எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது. மாத்திரை போட்டால் மத்தியானம் வரைக்கும் தலையைத் தூக்க முடியாமல் இருந்தது. டாக்டர் இப்போது பாதியாகக் குறைத்திருக்கிறார். வேளைக்குச் சாப்பிடுகிறேன், குளிக்கிறேன், தலை வாரிக்கொள்கிறேன். தாவரவியலில் முதல் வகுப்பு வாங்கினவள் இதையெல்லாம் பெருமையாக எழுதுகிறாளே என்று சிரிக்காதே. இந்த வீட்டில் எனக்கு இப்போது இதற்குத்தான் மார்க் போடுகிறார்கள்.

அக்கா, உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். குழந்தையைத் தொட்டிலில் போட்ட அன்று நடந்தது மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் தையல் கூட்டத்துப் பெண்கள் பழம்புடவைகளை அடுக்கி அவளுக்குத் துணிமெத்தை தைத்தார்கள். மூன்று பக்கம்தான் தைப்பார்கள். நாலாவது பக்கத்தைப் பிள்ளை பிறந்த பிறகு பெற்றவள் மூட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். எனக்கு எழுந்து உட்காரவே தெம்பில்லை, அதனால் அந்தப் பக்கத்தைத் திறந்தபடியே விட்டு வைத்திருந்தேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அன்றைக்கு அது பாதி தைத்துக் கிடந்தது. ஊசி துணிக்குள்ளேயே இருந்து, கயலின் தொடையில் ஏறி ஒடிந்தது. ஆஸ்பத்திரியில் கீறித்தான் எடுத்தார்கள். "நீதாண்டி தச்சிருக்கே. என்னா பண்றோம்னே தெரியாம பண்ணிக்கினு இருக்கே" என்றார் அத்தை. நானும் ஆமாம் என்றேன். வேறு யார் தைத்திருக்க முடியும்?

அதற்கப்புறம் நடந்தது எனக்கே நினைவிருக்கிறது. ஊசி இருக்கும் ஊசி இருக்கும் என்று மார்கழிப் பனியில் அவள் துணியை உருவி உருவித் தேடிக்கொண்டிருந்தேன். அவள் உடம்பு நீலம் பாரித்துவிட்டது. நீ அவளைத் திண்டிவனத்துக்கு எடுத்துப் போனதில் எனக்கு வருத்தம் இல்லை. விட்டுவிட்டுப் போயிருந்தால் குளிரிலேயே கொன்றிருப்பேன்.

தைத்தது மட்டும் ஞாபகத்தில் இல்லை. நீ அந்த வாரம் முழுக்க என் பக்கத்திலேயே இருந்தாயே, நான் தைத்ததை நீ பார்த்தாயா?

எங்களுக்குத் தையல் சொல்லித்தருகிற சவுரியம்மாள் டீச்சர் வீட்டுக்கு வந்திருந்தார். "ஆரம்பிச்சதெல்லாம் அம்போன்னு பொட்டியில கெடக்குது, வந்து முடி" என்று கூப்பிட்டார். "ஊசியப் பாத்தா நடுங்குறவ கையில எப்பிடி கொழந்தையக் குடுக்குறது?" என்றார் அத்தை. "தையலுக்குப் போய்ப் பழையபடி ஆவட்டும், நானே போயிக் கூட்டினு வர்றேன்" என்றார் கயலின் அப்பா. ஆக, வழி இருக்கிறது. அடுத்த வியாழக்கிழமை போகிறேன்.

மாமாவுக்கு என் வணக்கம். என் மகளுக்கு என் முத்தத்தை நீ கொடுத்துவிடு.

உன் தங்கை,
அம்சா


திண்டிவனம்,
3.3.1985

தங்கை அம்சாவுக்கு அக்கா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது.

கடவுள் புண்ணியத்தில் எல்லோரும் சௌக்கியம். உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பதில் எழுதக் கை ஒழியவில்லை. குழந்தை இருக்கிற வீடு எப்படி இருக்கும் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. பாக்கியம் நன்றாக இருக்கிறாள். தலை நின்றுவிட்டது. குப்புற விழப் பார்க்கிறாள். கேப்பைப் பால் காய்ச்சி ஊற்றினால் ஒரு சொட்டு மிச்சம் வைப்பதில்லை. தொடையில் காயம் ஆறிவிட்டது, தழும்பு ஒரு மல்லாட்டைக் கடலைத் தோல் அளவுதான்.

உன் மாமா இப்போதெல்லாம் மண்டியிலிருந்து விளக்கு வைப்பதற்குள் வந்துவிடுகிறார். முன்பு எந்த நேரத்துக்கு வருவார் என்று உனக்குத் தெரியும். சட்டையைக் கூடக் கழற்றாமல் தூக்கி வைத்துக்கொள்கிறார். அவருக்கு வேறு பெண் பார்க்கிற பேச்சை என் மாமியார் இந்த இரண்டு மாதமாக எடுக்கவே இல்லை. தெருவில் நடந்து போனால் நாலு பேர் நின்று பேசுகிறார்கள்.

நீ தையலுக்கெல்லாம் போகாதே. உடம்பு தேறட்டும். எதற்கு அவசரம், நான் என்ன அன்னியமா? அந்த மெத்தை இன்னும் வீட்டில் இருக்கிறதா? இருந்தால் எடுத்துக் கொளுத்திவிடு. அம்மா புடவை அதில் இருக்கிறதே என்று பார்க்காதே, போனால் போகட்டும். பழசை எல்லாம் கிளறிக்கொண்டிருந்தால் சித்தம் கலங்கும்.

வேளைக்குச் சாப்பிடு. மாப்பிள்ளையையும் அத்தையையும் கேட்டதாகச் சொல்.

அக்கா,
அஞ்சம்மாள்


விழுப்புரம்,
22.3.1985

அன்புள்ள அக்காவுக்கு அம்சா.

உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்து, எழுதி, கிழித்து, இன்றைக்குத்தான் முடிக்கிறேன். உங்கள் சுகத்தைத் தெரிந்துகொண்டதில் நிம்மதி. தலை நின்றுவிட்டது என்பதை மட்டும் பலமுறை படித்தேன். எந்தக் கிழமை நின்றது? யார் முதலில் பார்த்தது?

தையலுக்குப் போனேன். மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கிற அதே கூடம்தான். டீச்சர் தகர டிரங்குப் பெட்டியைத் திறந்து என் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கை வைக்காத ஜாக்கெட் ஒன்று, மூக்கு மட்டும் போட்ட கிளியோடு ஒரு தலையணை உறை, என் வீட்டுக்காரருக்கென்று ஆரம்பித்த கைக்குட்டைகள். இவ்வளவையும் தொடங்கின பெண் யாரோ செத்துப்போன மாதிரி இருந்தது. ஊசியை எடுக்க முடியவில்லை. நூல்கண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

மஹபூப் பீவி அக்கா வாய் ஓயவில்லை. அவருடைய மருமகள் ஆயிஷா புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். குவைத்தில் இருக்கிற புருஷனுக்குச் சட்டை தைக்கிறாள், அதுவும் முடிகிற பாடில்லை. "அவன் அங்க தொந்தி வெச்சுட்டான்டி, ஜல்தி முடி. இல்லாங்காட்டி இத உன் புள்ளைக்குத்தான் போடணும்" என்று மாமியாரே கேலி செய்கிறார். ஆயிஷாவுக்கு ஊசி இடது கையில்தான் ஓடும், உன்னைப் போலவே. உனக்குச் சாப்பிடுகிற கையையும் எழுதுகிற கையையும் அம்மா அடித்து மாற்றினாள், ஊசி பிடிக்கிற கையை மட்டும் மாற்ற முடியாமல் விட்டுவிட்டாளே, நினைவிருக்கிறதா? விளிம்பு மடித்து எம்மிங் போட்டால் எங்கள் தையல் எல்லாம் ஒரு பக்கம் சாய்கிறது, ஆயிஷாவுடையது மட்டும் எதிர்ப்பக்கம் சாய்கிறது. அதனால் டீச்சர் அவளுக்குத் தனியாக ஒரு துணியைக் கொடுத்துவிடுகிறார்.

மெத்தையைக் கொளுத்தச் சொன்னாய். அது வீட்டில் இல்லை. வீட்டில் இருக்கக் கூடாது என்று அத்தை சொன்னதால் கயலின் அப்பா அப்போதே துவைத்து டீச்சரிடம் கொடுத்திருக்கிறார். பெட்டியின் அடியில் காகிதம் சுற்றிக் கிடக்கிறது. நான் பிரிக்கவில்லை.

நீ அவளைப் பாக்கியம் என்று எழுதியிருந்தாய். கயல்விழி என்று கூப்பிடு அக்கா, பேர் பழக வேண்டும் அல்லவா? முடிந்தால் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. நான் தைத்ததைப் பார்த்தாயா என்று கேட்டிருந்தேன். மறந்திருப்பாய்.

மாமாவுக்கு வணக்கம். பனி போகிற காலம், அவளுக்குத் தலைக்குத் துணி கட்டு.

அம்சா


விழுப்புரம்,
20.4.1985

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா? உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. தபால்காரர் எதிர்வீட்டோடு திரும்பும்போதெல்லாம் அத்தை என் முகத்தைப் பார்க்கிறார். நாங்கள் இங்கே சுகம்.

ஊசி எடுத்துவிட்டேன், அக்கா. முதல் வாரம் உள்ளங்கை வேர்த்து ஊசி வழுக்கி விழுந்தது. விழுந்த ஊசியைத் தேடிக் கூடம் முழுக்கத் தவழ்ந்தேன். "ஊசி உன்ன முழுங்கிடுமாடி? எந்திரிடி, எங்களுக்கும் பேஜாரா இருக்குது" என்றார் மஹபூப் பீவி அக்கா. ஆனால் அவரும் என்னோடு தரையில் உட்கார்ந்து தேடினார். தேடிக் கிடைத்ததும் என்னிடம் கொடுக்காமல் நூல் கோத்த பிறகுதான் கொடுத்தார். அப்படியே பிடித்துக்கொண்டேன். ஜாக்கெட்டுக்குக் கை வைத்தாகிவிட்டது. கிளிக்கு உடம்பும் வாலும் வந்துவிட்டன, பச்சை நூல் போதாமல் வால் மட்டும் நீலம். டீச்சர் அதைப் பார்த்துவிட்டு, "எந்தக் காட்டுக் கிளிம்மா இது?" என்றார். நானே சிரித்துவிட்டேன்.

வீட்டில் அத்தை என்னைச் சோதித்தார். கோணி ஊசியைக் கொடுத்துத் தானிய மூட்டையின் வாயைத் தைக்கச் சொன்னார். தைத்தேன். நின்று பார்த்துவிட்டு, "சரி, சித்திரை போவட்டும். ஆனா நீ ஆரம்பிச்ச அந்த மெத்தைய உன் கையால மூடு மொதல்ல. அதுல கை நடுங்கலன்னா வைகாசில கொழந்தையக் கூட்டினு வந்துடலாம்" என்றார். கயலின் அப்பாவும் தலையாட்டினார்.

வைகாசி, அக்கா! நீயே கொண்டுவந்து விட்டுவிட்டு நாலு நாள் இருந்துவிட்டுப் போ. அவளுக்குப் பழக வேண்டுமே. என்ன தேதி என்று மட்டும் எழுது.

உன் பதிலுக்கு வழி பார்த்திருக்கும்,
அம்சா


திண்டிவனம்,
6.5.1985

அம்சாவுக்கு அக்கா ஆசீர்வாதம்.

இங்கே க்ஷேமம். அங்கும் அப்படியே இருக்க வேண்டும். வெயில் தாங்கவில்லை. கீழண்டைத் தெருவில் அம்மை போட்டிருக்கிறது. இந்தச் சமயத்தில் பச்சைக் குழந்தையைப் பஸ்ஸிலும் ரயிலிலும் தூக்கிக்கொண்டு அலைய முடியாது. வைகாசி முடியாது. அவளுக்குப் பல் வேறு முளைக்கிறது, ஓயாத சிணுங்கல். என் தோளில் போட்டால்தான் அடங்குகிறாள். வேறு யார் தூக்கினாலும் வீறிடுகிறாள்.

ஆவணியில் மொட்டை போட்டுக் காது குத்துவதாக வைத்திருக்கிறோம். தாய்மாமன் மடியில் உட்கார வைக்க நமக்குத்தான் கூடப் பிறந்தவன் இல்லையே. உன் மாமா மடியிலேயே வைத்துக் குத்திவிடலாம் என்று என் மாமியாரே சொல்லிவிட்டார். பெரியதம்பி ஆசாரியிடம் தங்கக் கம்மலுக்கும் சொல்லியாகிவிட்டது. என் மாமியார் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து ஒரு காரியத்துக்கு யோசனை கேட்டது கல்யாணம் ஆனதிலிருந்து இதுதான் முதல் தடவை. நீ உடம்பை அலட்டிக்கொண்டு வர வேண்டாம். பத்திரிகை எல்லாம் அடிக்கவில்லை.

அந்த மெத்தையை நீ தொட வேண்டாம் அம்சா. அத்தை சொன்னால் சொல்லட்டும். நான் உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன். டீச்சரிடம் சொல்லி அடுப்பில் போடச் சொல்லிவிடு.

போட்டோ எடுக்கக் கூடாது, சின்னக் குழந்தைக்கு ஆகாது.

அக்கா


விழுப்புரம்,
30.5.1985

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு இன்று மனசு இல்லை. மன்னித்துக்கொள்.

என் மகளுக்குக் காது குத்துவதைக் கடிதம் பார்த்து நான் தெரிந்துகொள்ள வேண்டுமா? உடம்பை அலட்டிக்கொள்ள வேண்டாமா? அவளைப் பெற்றபோது அலட்டாத உடம்பா இது? கம்மலுக்கு யோசனை கேட்டார்கள் என்கிறாய். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

உன் மாமியார் உன்னை எப்படி நடத்தினார் என்று எனக்குத் தெரியும். என் வளைகாப்பில் என் அத்தை உன்னை வரிசையில் நிற்க வேண்டாம் என்றதும் தெரியும். மெத்தைக்கு உன் புடவையில் ஒரு துண்டு கேட்டேன். 'பிள்ளை பெறாதவ துணி வேணாம்' என்று சொல்லிவிட்டார்கள். நீ அம்மா புடவையைக் கொடுத்தாய். அதையெல்லாம் நான் மறக்கவில்லை. ஆனால் அதற்கெல்லாம் ஈடு என் குழந்தை இல்லை, அக்கா.

வரும் வியாழக்கிழமை அந்தக் காகிதத்தைப் பிரிக்கப் போகிறேன். அந்த நாலாவது பக்கத்தை எல்லோர் முன்னாலும் மூடிவிட்டு, அதைக் கையில் எடுத்துக்கொண்டு அவரோடு நானே வருகிறேன். அதற்கப்புறம் குழந்தையைத் தர முடியாது என்று யார் சொல்வார்கள் என்று பார்க்கிறேன்.

அம்சா


விழுப்புரம்,
11.7.1985

அன்புள்ள அக்காவுக்கு அம்சா எழுதிக்கொள்வது.

இங்கே சுகம். நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா? உண்மையாகத்தான் கேட்கிறேன்.

வருகிறேன் என்று எழுதினவள் ஏன் வரவில்லை என்று நீ யோசித்திருப்பாய். யோசிக்காமலும் இருந்திருப்பாய். சொன்னபடியே மெத்தையைப் பிரித்தேன். எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவின் கத்தரிப்பூப் புடவைத் துண்டு நடுவில் இருக்கிறது, சாயம் போகவில்லை. நாலாவது பக்கத்தை மடியில் போட்டுக்கொண்டு, பாதியில் நின்ற இடத்தைத் தேடினேன்.

நான் பார்ப்பதற்கு முன்னால் ஆயிஷா பார்த்துவிட்டாள். "அய்ய, இது என் தையல் மாதிரியே இருக்குதே! நான் இதத் தொடவே இல்லியே டீச்சர்" என்றாள். அவள் தன் கையில் இருந்த சட்டையின் விளிம்பைப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. மற்ற மூன்று பக்கமும் இந்தப் பக்கம், இது மட்டும் அந்தப் பக்கம். தையல் நெருக்கமாக, ஒரே அளவாக, ஆசையாகப் போட்டது. சித்தம் கலங்கினவள் தைத்தது இல்லை. கடைசியில் மட்டும் முடிச்சு இல்லாமல், யாரோ கதவைத் திறந்த சத்தம் கேட்டு விட்டுவிட்டு எழுந்த மாதிரி நின்றிருந்தது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "ஜுரத்தில இடது கையால தச்சிருப்பேன்" என்றேன். மஹபூப் பீவி அக்கா சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார். டீச்சர் மெத்தையை மடித்தார். காகிதத்தில் சுற்றி என் கையில் கொடுத்தார்.

தொட்டிலில் போடுவதற்கு முன்னால் அந்த மத்தியானம் எனக்கு இப்போது நன்றாக ஞாபகம் வருகிறது. அத்தை மஞ்சளும் பூவும் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். நான் தூங்கினேன். உன்னைத் தவிர வீட்டில் வேறு யாரும் இல்லை.

நான் ஒரு தையலும் போடவில்லை, அக்கா. அந்த நாளிலும் போடவில்லை, இப்போதும் போடவில்லை. என்னைப் பைத்தியம் என்றார்கள். இத்தனை மாதமாக நானும் அதை நம்பினேன். நான் தூங்கும்போது என் கைகள் என்ன செய்கின்றனவோ என்று பயந்து, அவற்றைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தேன்.

டீச்சரிடம் ஒன்று மட்டும் கேட்டேன். பெற்றவள்தான் மூட வேண்டுமா, வேறு யாரும் கூடாதா என்று. "யாரு வெச்ச வழக்கம்மா அது? நாங்கதான் வெச்சோம். எடுத்துட்டாப் போச்சு" என்றார். அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்.

மெத்தையைக் கயலின் அப்பா கையில் கொடுத்து அனுப்புகிறேன். அவருக்கு ஒன்றும் தெரியாது. தைக்க ஒரு புது ஊசியைத் தனியாகத் தீப்பெட்டியில் வைத்திருக்கிறேன். இன்னும் ஒரு முழம் மூட வேண்டியிருக்கிறது. அதை நீ தைத்து முடித்து, என் மகளோடு கொண்டுவா.

நான் தைத்ததை நீ பார்த்தாயா என்று இனிமேல் கேட்க மாட்டேன்.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

உன்,
அம்சா


திண்டிவனம்,
2.8.1985

அன்புள்ள அம்சாவுக்கு மாமா சக்கரபாணி எழுதுவது. நீயும் தம்பி வேங்கடேசனும் உங்கள் அத்தையும் நலம்தானே? எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, மண்டிக்கு எழுதுகிற கடுதாசி மாதிரி இருந்தால் தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

தம்பி வந்து ஒரு துணி மூட்டையைக் கொடுத்துவிட்டுப் போனதிலிருந்து உன் அக்கா சரியாக இல்லை. சோறு தண்ணி இறங்கவில்லை. மூட்டையைப் பிரித்துப் பார்த்தேன். பழைய மெத்தையும் ஒரு தீப்பெட்டியும்தான் இருந்தன. "இதுக்காடி அழுவுற?" என்று கேட்டும் பார்த்தேன். காது குத்து வேண்டாம் என்கிறாள். ஆசாரிக்குச் சொன்னது, அம்மா பந்தலுக்குச் சொன்னது எல்லாம் நின்றுவிட்டது. என் அம்மாவுக்கு வாய் சும்மா இருக்குமா? "பெத்தவளா இருந்தா இப்பிடி பண்ணுவாளா" என்று பேசிவிட்டார். அன்றைக்கு உன் அக்கா பாக்கியத்தை எடுத்துக்கொண்டு அறையில் தாழ் போட்டுக்கொண்டாள். விளக்கு வைத்த பிறகுதான் திறந்தாள்.

உங்களுக்குள் என்ன சண்டை என்று எனக்குத் தெரியாது. அந்தத் துணியில் என்ன இருக்கிறது அம்சா? நீ சொன்னால்தான் எனக்குப் புரியும். குழந்தை சுகமாக இருக்கிறது. பிடித்துக்கொண்டு நிற்கிறது.

இப்படிக்கு,
சக்கரபாணி


திண்டிவனம்,
25.8.1985

அம்சாவுக்கு,

அனைவரும் நலம். மாமா உனக்கு எழுதினாராம். நீ அவருக்குப் பதில் போடவில்லை என்றார். நல்லது.

மெத்தையைத் தைத்து முடித்துவிட்டேன். முடிச்சுப் போட்டு, பல்லால் கடித்து நூலை அறுத்தேன். ஊசியைத் தீப்பெட்டியிலேயே வைத்து மாமாவிடம் கொடுத்துவிட்டேன். வீட்டில் இனி ஊசி இல்லை. விரல் விரலாகத் தடவிப் பார்த்தேன். இருந்தாலும் நீயும் ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டு அவளைக் கிடத்து.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலைப் பாசஞ்சரில் வருகிறோம். அவளுக்குச் சோற்றைக் குழைத்து, உப்பு போடாமல் கொடு. இடது பக்கம் சாய்த்துப் படுக்க வைத்தால் தூங்குவாள். கயல்விழி என்று நேற்றிலிருந்து கூப்பிட்டுப் பழக்குகிறேன். திரும்பிப் பார்க்கிறாள்.

அக்கா


விழுப்புரம்,
20.10.1985

அன்புள்ள அக்காவுக்கு அம்சா எழுதிக்கொள்வது.

நாங்கள் எல்லோரும் சுகம். உன் சுகத்தை யாரிடம் கேட்பது என்றுதான் தெரியவில்லை. முன்பு எழுதியதற்கும் நீ பதில் போடவில்லை. இதற்கும் போட மாட்டாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

வருகிறோம் என்று எழுதியிருந்தாய். பாசஞ்சரிலிருந்து மாமா மட்டும்தான் இறங்கினார், ஒரு தோளில் கயல், ஒரு தோளில் மூட்டை. "ஸ்டேஷன் வரைக்கும் வந்தாம்மா. நான் ஏறி ஒக்காந்ததும் ஜன்னல் வழியாக் கொழந்தையக் குடுத்தா. வண்டி கெளம்பறதுக்கு முன்னாடியே போயிட்டா" என்றார். சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து என்னிடம் கொடுத்தார். அது என்னவென்று கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்திருக்குமோ என்று இன்றுவரை நினைக்கிறேன்.

மெத்தையைத் தடவிப் பார்த்தேன். நீ சொல்லாவிட்டாலும் பார்த்திருப்பேன். அத்தையும் பார்த்தார். "பரவால்லடி, நல்லா நெருக்கமாத்தான் தச்சிருக்கே" என்று என்னிடம் சொன்னார். இத்தனை நாளில் அவர் என்னைப் பாராட்டியது அதற்கு மட்டும்தான். சரி என்று கேட்டுக்கொண்டேன். அவருக்குத் தையல் சாய்கிற பக்கமெல்லாம் தெரியாது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிவிடலாம் என்று பலமுறை வாய் வரைக்கும் வந்தது. நான் கயலைக் குளிப்பாட்டும்போது கதவைத் திறந்து வைக்கச் சொல்கிறார்கள். அவளோடு என்னைத் தனியாக விட்டு யாரும் கோயிலுக்குக்கூடப் போவதில்லை. அவர் வேலைக்குக் கிளம்பும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்க்கிறார். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் இதெல்லாம் தீர்ந்துவிடும். ஆனால் வல்லத்தில் உன் மாமியார் மாமாவுக்குப் பெண் பார்த்துவிட்டு வந்ததாகப் போன வாரம் கேள்விப்பட்டேன். நான் சொன்னால் அந்தப் பெண் தை மாதத்திலேயே உன் வீட்டுக்குள் வந்துவிடுவாள். சொல்லாவிட்டாலும் வருவாள் போலிருக்கிறது.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. நீ ஆசையாகத் தைத்ததற்கு எனக்குக் கோபம் இல்லை. நீ கேட்டிருந்தால் நானே ஊசியைக் கொடுத்திருப்பேன். ஆஸ்பத்திரி வாசலில் எல்லோரும் என்னை ஏசியபோது, நீ என் தலையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே சும்மா இருந்தாய். அதுதான் போகமாட்டேன் என்கிறது.

வியாழக்கிழமை தோறும் தையலுக்குப் போகிறேன். கைக்குட்டைகள் முடிந்துவிட்டன. ஆயிஷாவின் சட்டையும் முடிந்து குவைத்துக்குப் போய்விட்டது. என் பேரில் பெட்டியில் இப்போது எதுவும் பாக்கி இல்லை.

கயல் அந்த மெத்தையில் மட்டும்தான் தூங்குகிறாள். வேறு எதில் போட்டாலும் அழுகிறாள். நீ தைத்த விளிம்பைக் கைக்குள் பிடித்துக்கொண்டு, இடது பக்கம் சாய்ந்துகொள்கிறாள். பேச ஆரம்பித்துவிட்டாள். ஒரு வார்த்தைதான். "ம்மா" என்கிறாள். வாசலைப் பார்த்துச் சொல்கிறாள். நான் உள்ளேயிருந்து "என்னடி" என்கிறேன். திரும்புவதில்லை. மறுபடியும் வாசலைப் பார்த்துக் கூப்பிடுகிறாள்.

உன் தங்கை,
அம்சா